நடுவரிசைப் பெண்ணுக்கு எந்தக் கல்லூரி?

(பத்தாம் வகுப்பு மாணவி)

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில் மாணவியரை மூன்று வகையாகப் பிரித்துவிடலாம். முதல் வகையினர் 600க்கு 570, 580 என்று வாங்கியவர்கள். அவர்கள் வீட்டுத் தொலைபேசி அன்று ஓய்வதில்லை. உறவினர் இனிப்போடு வருவர். கல்லூரிகளே அழைப்பு அனுப்பும். இரண்டாம் வகையினர் ஓரிரு பாடங்களில் தவறியவர்கள். அவர்களுக்கும் ஆறுதல் சொல்ல ஆளுண்டு. துணைத் தேர்வுக்கு எப்படி விண்ணப்பிப்பது, எப்படிப் படிப்பது என்று ஆசிரியைகள் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித் தருவார்கள். இவ்விரு வகைக்கும் நடுவே ஒரு பெருங்கூட்டம் உண்டு. 420, 450, 470 என்று வாங்கியவர்கள். "பரவாயில்லை, நல்ல மார்க்குதான்" என்று ஒரே வாக்கியத்தில் அவர்களை எல்லாரும் கடந்து போய்விடுகிறார்கள். வகுப்பறையில் முதல் பெஞ்சும் இல்லை, கடைசிப் பெஞ்சும் இல்லை, நடுவரிசை. இக்கட்டுரை அவர்களுக்காக.

மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. ஆயினும் வழக்கம் நம் மனத்தை விட்டு அகலவில்லை. கடைத்தெருவில் தொங்கும் பேனர்களிலும், ஏன், நம் ஆண்டு மலரின் பக்கங்களிலும் புன்னகை புரிபவர்கள் மிகுந்த மதிப்பெண் பெற்றவர்களே. அதில் குற்றம் ஒன்றுமில்லை. உழைத்தவர்களைப் போற்றத்தான் வேண்டும். ஆனால் புகைப்படம் வராதவர்களும் ஜூன் மாதம் ஏதேனும் ஒரு கல்லூரி வாசலில் நின்றுதானே ஆகவேண்டும்? எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று அவர்களுக்கு யார் வழி சொல்வது?

இக்கேள்வி சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டிற்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. என் அக்கா நம் பள்ளியில்தான் பிளஸ் டூ படித்தாள். தமிழில் 86, ஆங்கிலத்தில் 79, கணிதத்தில் 74, இயற்பியலில் 70, வேதியியலில் 78, உயிரியலில் 81. ஆக மொத்தம் 468. அழுவதற்கும் இல்லை, ஆரவாரம் செய்வதற்கும் இல்லை. எங்கள் அப்பா ஐ.டி.ஐ. படித்தவர், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் எலக்ட்ரீஷியன். அம்மா வீட்டில் தையல் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவர் எவரும் இல்லை.

முடிவு வந்த ஒரே வாரத்தில் ஆளுக்கொரு யோசனை வந்து குவிந்தது. அத்தை, "கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங்தான், வேறு பேச்சே வேண்டாம்" என்றார். பெரியப்பா, "இரண்டு வருடத்தில் கல்யாணம் செய்யப் போகிறீர்கள், பக்கத்தில் எதையாவது படிக்கட்டும்" என்றார். எதிர் வீட்டு அக்கா பிளஸ் டூ முடித்தவுடன் எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் உள்ள ஸ்ரீசிட்டிக்குக் கம்பெனிப் பேருந்தில் வேலைக்குப் போகிறார். மாதம் பிறந்தால் சம்பளம். "என்னோடு அனுப்புங்கள்" என்றார் அவர். அவரைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். அவருடைய சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான். அவரும் 2002ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பட்டம் வாங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இவற்றுக்கெல்லாம் மேலாக மாமா ஒருவரை அழைத்து வந்தார். கையில் வழுவழுப்பான வண்ணப் புத்தகம். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாகச் சொன்னார். "இந்த வாரமே முன்பணம் கட்டினால் சீட் உறுதி; அடுத்த வாரம் வந்தால் கிடைக்காது" என்று அவசரப்படுத்தினார். நன்கொடை என்று அவர் சொன்ன தொகையைக் கேட்டு அம்மாவின் கை தன்னையறியாமல் கழுத்துச் சங்கிலியைத் தொட்டது. அப்பா, "யோசித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் கூறி அனுப்பிவிட்டார்.

இதைப் பற்றி எங்கள் ஆசிரியை ஒருவரிடம் பின்னர் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தனியார் பொறியியல் கல்லூரிகள் தம் இடங்களில் 65 விழுக்காட்டையும், சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகள் 50 விழுக்காட்டையும் அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்குக் கொடுக்கின்றன. எஞ்சியவையே நிர்வாக ஒதுக்கீடு. கட்டணத்துக்கு மேல் நன்கொடை என்று வாங்குவதைத் தடுக்கத் தமிழகத்தில் 1992ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. கலந்தாய்வு தொடங்கும் முன்னரே முன்பணம் கட்டச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றார் ஆசிரியை. நடுவரிசைப் பெண்ணின் பெற்றோரே இத்தகையவர்களிடம் எளிதில் சிக்குகிறார்கள். முதல் வரிசைக்கு அவர்கள் தேவையில்லை. "எங்கும் கிடைக்காமல் போய்விடுமோ" என்ற அச்சம் நடுவரிசைக்குத்தானே அதிகம்!

நிற்க. இத்தனை பேச்சு நடந்த ஒரு வாரத்தில் அக்கா ஒரு சொல்லும் பேசவில்லை. ஓர் இரவு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது, "எல்லாரும் என்னைப் பற்றியே பேசுகிறார்கள். என்னிடம் ஒருவரும் பேசவில்லையே" என்றாள். பக்கத்தில் படுத்திருந்த பாட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கே ஒரு நோட்டை எடுங்கள். எந்தக் கல்லூரி, எவ்வளவு தூரம், எவ்வளவு பணம் என்று எழுதுங்கள். எழுதினால்தான் பயம் குறையும்" என்றார். என் கையெழுத்து திருத்தமாக இருக்கும் என்பதால் எழுதும் வேலை எனக்கு வந்தது. பழைய கணித நோட்டில் எழுதாமல் மிஞ்சியிருந்த பக்கங்களில் கட்டம் போட்டோம்.

எப்படிப் பிரிப்பது என்பதற்கும் பாட்டியே வழி சொன்னார். "மாமரத்தை நினைத்துக்கொள். உச்சிக் கிளைக் காய் துரட்டி போட்டாலும் விழலாம், விழாமலும் போகலாம். நடுக் கிளைக் காய் எட்டிப் பறித்தால் வரும். தாழ்ந்த கிளையில் இருப்பது கட்டாயம் கைக்கு வரும். மூன்றிலும் இரண்டிரண்டு எழுது. ஆனால் ஒன்று, தாழ்ந்த கிளையில் நீ தின்ன மாட்டாத காயை எழுதாதே. கடைசியில் அதுதான் கிடைத்தது என்றால் அதையும் மகிழ்ச்சியோடு தின்ன வேண்டும்." இதைவிடத் தெளிவாக எவரும் எனக்கு விளக்கியதில்லை.

முதலில் பாடம் எது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம், "உங்கள் கம்பெனிக் கேட்டுக்குள் நுழைகிறவர்கள் என்னென்ன படித்தவர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொண்டோம். பிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் ஆகியோர் ஐ.டி.ஐ. ஷிப்ட்டைக் கவனிக்கும் சூப்பர்வைசர்கள் மெக்கானிகல் அல்லது எலக்ட்ரிகல் டிப்ளமோ. பராமரிப்புப் பகுதியின் தலைவர் பி.இ. கணக்கும் வரியும் பார்ப்பவர்கள் பி.காம். பாதுகாப்பு அலுவலர் டிப்ளமோ முடித்து, அதன்மேல் தொழிற்சாலைப் பாதுகாப்புக்கெனத் தனிப் படிப்பும் படித்தவர். இப்படியே எழுதி வருகையில் அப்பா ஒன்று சொன்னார். பழைய இரும்பை உலையில் உருக்கியதும் ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்துச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்களாம். அதில் கரி எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவியில் பார்த்துச் சொல்பவர் பி.எஸ்சி. வேதியியல் படித்த ஒரு பெண். அவர் சரி என்று சொல்லும் வரையில் உலையிலிருந்து இரும்பை ஊற்ற மாட்டார்களாம்.

அக்கா அதுவரை தலை குனிந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இதைக் கேட்டதும் நிமிர்ந்தாள். "அவங்க எங்கே படிச்சாங்கப்பா?" என்றாள். அந்த வாரம் முழுவதிலும் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். வேதியியலில் அவள் 78தான் வாங்கினாள். ஆனால் வேதியியல் செய்முறை வகுப்பு உள்ள நாளில் ஒருநாளும் விடுப்பு எடுத்தவள் இல்லை. மதிப்பெண் பட்டியலில் இது தெரியாது. உடன்பிறந்தவளுக்குத் தெரியும்.

அடுத்து, 468 என்ற ஒரே எண் எல்லா வாசலுக்கும் பொருந்துவதில்லை என்பதைக் கற்றுக்கொண்டோம். பொறியியலுக்குக் கணித மதிப்பெண்ணை முழுதாகவும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைப் பாதியாகவும் சேர்த்து 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடுவர். அக்காவுக்கு 74, 35, 39, ஆக 148. அரசு கலை அறிவியல் கல்லூரியிலோ மொழிப் பாடங்கள் நீங்கலாக மற்ற நான்கு பாடங்களையும் 400க்குப் பார்ப்பார்கள், அக்காவுக்கு 303. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணே அளவுகோல். ஆகவே பொறியியலில் நடுவில் நிற்கும் ஒருத்தி தமிழ் வாசலில் முன்வரிசையில் நிற்கக்கூடும். எந்த வாசலில் நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பார்க்காமல் "எனக்கு மார்க் இல்லை" என்று சோர்ந்துவிடுவது சரியன்று.

பொறியியல் கலந்தாய்வில் சென்ற ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு எந்தக் கட்-ஆஃப் வரை இடம் கிடைத்தது என்பதை இணையதளத்தில் பார்க்கலாம். அதை வைத்துத்தான் உச்சி, நடு, தாழ்வு என்று பிரித்தோம். அங்கே விருப்பப் பட்டியல் எழுதும்போது ஒரு நுட்பம் உண்டு. நாம் எழுதிய வரிசையின்படி மேலிருந்து கீழாகத்தான் பார்த்து இடம் ஒதுக்குவார்கள். ஆகவே உச்சிக் கிளையை முதலில் எழுதுவதால் நடுக் கிளை கைநழுவிப் போகாது. மாறாக, "இதுதான் கிடைக்கும்" என்று அஞ்சித் தாழ்ந்த கிளையை முதலில் எழுதினால் அதுவே கிடைத்துவிடும்; மேலே இடம் இருந்தாலும் பயனில்லை. மனம் விரும்பும் வரிசையிலேயே எழுத வேண்டும்.

எங்கள் நோட்டின் உச்சிக் கிளையில் பொன்னேரி டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இடம்பெற்றது. 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது; பி.எப்.எஸ்சி. நான்காண்டுப் படிப்பு. சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டை அருகில் வைத்துக்கொண்டு, இப்படியொரு படிப்பு இருப்பதே எங்களில் பலருக்குத் தெரிவதில்லை. இடம் கிடைப்பது அரிது, ஆனாலும் எழுதினோம். சென்னை ராணி மேரிக் கல்லூரியும் அக்கிளையில்தான். 1914ஆம் ஆண்டு தொடங்கிய அக்கல்லூரியின் பெயரைக் கேட்டாலே பாட்டியின் முகம் மலரும். நடுக் கிளையில் 1964ஆம் ஆண்டு பிராட்வே பகுதியில் தோன்றிய பாரதி மகளிர் கல்லூரியின் வேதியியலும், கட்-ஆஃபுக்கு ஏற்ற ஒரு பொறியியல் கல்லூரியும். தாழ்ந்த கிளையில் பொன்னேரி எல்.என். அரசு கலைக் கல்லூரியும், பிளஸ் டூ படித்தவர் இரண்டாம் ஆண்டில் நேரே சேரக்கூடிய டிப்ளமோவும். ஆறும் அக்கா மனமொப்பி எழுதியவை.

பெயர்களை எழுதிவிட்டால் போதுமா? ஆழம் தெரியாமல் காலை விடலாமா? அப்பாவுக்கு வார விடுமுறை வந்த நாட்களில் அவரோடு புறப்பட்டு, முடிந்த கல்லூரிகளின் வாசல்வரை சென்று வந்தோம். அலுவலகத்தில் கேட்டால் புத்தகத்தில் உள்ளதைத்தான் சொல்வார்கள். ஆகையால் வாசலில் பேருந்துக்காக நிற்கும் அக்காமார்களிடம் மூன்று கேள்விகள் கேட்டோம். வகுப்புகள் ஒழுங்காக நடக்கின்றனவா? ஆய்வுக்கூடத்தில் நீங்களே கையால் செய்கிறீர்களா, பிறர் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்களா? சென்ற ஆண்டு படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இம்மூன்றுக்கும் கிடைத்த பதில்கள் வண்ணப் புத்தகம் எதிலும் இல்லாதவை. ஓரிடத்தில் ஓர் அக்கா எங்களுக்காகத் தன் பேருந்தையே விட்டுவிட்டு நின்று பேசினார். அவரும் நடுவரிசைப் பெண்தானாம்.

பணத்தைப் பற்றியும் நாணப்படாமல் பேச வேண்டும். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வருவது போதாது. படிப்பு முடியும் வரை ஆகும் கட்டணம், விடுதி, பேருந்து, புத்தகம் எல்லாவற்றையும் கூட்டி ஒரு கட்டத்தில் எழுதினோம். உதவிகளை அடுத்த கட்டத்தில் எழுதினோம். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவருக்கு, கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை 2010ஆம் ஆண்டு முதல் உண்டு. புதுமைப் பெண் திட்டம் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 5 அன்று பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்ற அத்திட்டம், நம் பள்ளியைப் போன்ற அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் 2024 டிசம்பரில் விரிவாக்கப்பட்டது. ரயிலில் செல்லும் மாணவியருக்குப் பட்டப்படிப்பு வரையில் மாதச் சீசன் டிக்கெட் இலவசம் என்று 2008ஆம் ஆண்டு ரயில்வே பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தேர்வு முடிவுக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மே மாதத்தில் அங்கே கூட்டம் அலைமோதும்.

"இருந்தாலும் பெரிய பெயர் உள்ள கல்லூரிக்கு ஈடாகுமா?" என்று மாமா விடாமல் கேட்டார். இக்கேள்வியை எங்கள் கணித ஆசிரியையிடம் கொண்டு போனேன். அவர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டு கல்லூரியில் சேர்ந்த மாணவர்களைப் பற்றி ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இருவர் ஆராய்ந்து 2002ஆம் ஆண்டு வெளியிட்டது அது. தகுதியில் ஒத்திருந்தும் சிலர் பெயர்பெற்ற கல்லூரிக்கும், சிலர் அத்துணைப் பெயர் இல்லாத கல்லூரிக்கும் சென்றனர். பிற்காலத்தில் அவர்கள் ஈட்டிய சம்பளத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் நல்ல கல்லூரி கூடுதல் பயன் தந்தது. "அதனால் பெயரே வேண்டாம் என்றும் சொல்லாதே, பெயர்தான் எல்லாம் என்றும் சொல்லாதே. வழிகாட்ட வீட்டில் ஆளில்லாத பெண்ணுக்குக் கல்லூரிதான் அந்த ஆள். வழிகாட்டும் ஆசிரியர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்" என்றார் ஆசிரியை. கல்லூரி வாசலில் நாங்கள் கேட்ட கேள்விகளின் அருமை அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால், பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ராக்கெட் தெரியும். 2023ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று சந்திரயான் 3 புறப்பட்டதையும், ஆகஸ்ட் 23 அன்று அது நிலவில் இறங்கியதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரயில்வே ஊழியரின் மகன். பள்ளிப் படிப்புக்குப் பின் அவர் சேர்ந்தது தம் ஊரில் ஒரு பாலிடெக்னிக்கில். டிப்ளமோ முடித்துச் சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ.; அதன்பின் திருச்சி என்.ஐ.டி.யில் எம்.இ.; பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். டிப்ளமோ படித்தவர் எல்லாரும் நிலவுக்குக் கலம் அனுப்புவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முதலில் ஏறிய படி தாழ்ந்ததாக இருந்தாலும் மேற்படிகள் மூடப்படுவதில்லை என்பதற்கு அவர் சான்று. ஒவ்வொரு படியிலும் நன்றாகப் படிக்க வேண்டும், அவ்வளவே.

எங்கள் வீட்டில் முடிவு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மீன்வளக் கல்லூரியின் தரவரிசையில் அக்காவின் பெயர் வெகு கீழே இருந்தது. ராணி மேரியிலும் வேதியியல் கிட்டவில்லை. பாரதி மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் கிடைத்துச் சேர்ந்துவிட்டாள். சில வாரங்கள் கழித்துப் பொறியியல் கலந்தாய்விலும் ஓர் இடம் வந்தது. மீண்டும் வீடு இரண்டுபட்டது. "பி.இ. என்ற இரண்டெழுத்தை வேண்டாம் என்று சொல்வாயா?" என்றார் மாமா. விடியுமுன் எழுந்து அவ்வளவு தூரம் ரயிலில் போக வேண்டுமே என்று அம்மா கலங்கினார். நோட்டை எடுத்து இரண்டு கட்டங்களையும் அப்பா மெதுவாகப் படித்தார். பிறகு, "படிக்கப் போகிறவள் அவள், ரயிலில் போகிறவளும் அவள். அவளே சொல்லட்டும்" என்றார். அக்கா வேதியியல் என்றாள். அன்று அவள் குரலில் இருந்த உறுதியை அதற்கு முன் நான் கேட்டதில்லை. இப்போது கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் என்று நிலையங்கள் கடந்து போக, ரயிலிலேயே பாடம் படிக்கிறாள். மாலையில் களைத்துத்தான் வருகிறாள். ஆனாலும் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தாள் என்று சொல்லாமல் உறங்குவதில்லை.

என் வகுப்புத் தோழியரே! இது பிளஸ் டூ அக்காக்களின் கவலை, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். நமக்கு முதல் வாசல் இந்த ஆண்டே வருகிறது. பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவை எடுக்கிறோமோ அதைப் பொறுத்தே இரண்டாண்டு கழித்துச் சில கதவுகள் திறக்கும், சில மூடும். கணிதம் எடுக்காதவள் பின்னர் பொறியியலுக்கு ஆசைப்படுவது கடினம். பத்தாம் வகுப்போடு மூன்றாண்டு டிப்ளமோ சேரும் வழியும் நமக்கு உண்டு. சென்னைத் தரமணியில் தருமாம்பாள் அரசு மகளிர் பாலிடெக்னிக்கும், ஆவடியில் முருகப்பா பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். நானும் நடுவரிசைதான். எனக்கும் ஒரு நோட்டுத் தொடங்கிவிட்டேன். என் மூன்று கிளைகளும் இன்னும் முழுதாக நிரம்பவில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். உங்கள் மகளின் மதிப்பெண்ணைப் பக்கத்து வீட்டு மகளின் மதிப்பெண்ணோடு ஒப்பிடும் நேரத்தில் பாதியை, அவளோடு உட்கார்ந்து பட்டியல் போடச் செலவிடுங்கள். அவள் எந்தப் பாட வகுப்புக்கு விரும்பிப் போகிறாள் என்று கேளுங்கள். அது மதிப்பெண் பட்டியலில் அச்சிட்டு வராது.

எங்கள் பாட்டி 1974ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். தமிழகத்தில் பிளஸ் டூ 1978ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முன்னர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் கல்லூரியிலேயே பி.யூ.சி. படிப்பார்கள். பாட்டியும் முதல் மதிப்பெண் வாங்கியவர் அல்லர், நல்ல மதிப்பெண்தான். ராணி மேரிக்குப் போக ஆசைப்பட்டிருக்கிறார். "படிக்க வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை அம்மா. விண்ணப்பம் எங்கே வாங்குவது, யாரைக் கேட்பது என்று சொல்லத்தான் ஆளில்லை. கேட்டுக் கேட்டு இருக்கையிலேயே தேதி போய்விட்டது" என்றார், இந்த நோட்டு முடிந்த அன்று. ஐம்பது ஆண்டுகளாக அவர் இதை எங்களிடம் மட்டுமல்ல, அப்பாவிடமும் சொன்னதில்லை.

ஆகவே நம் தலைமைச் சகோதரிக்கும் ஆசிரியைகளுக்கும் பணிவான ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் அரையாண்டுத் தேர்வுக்கு முன்னர் ஒரு பிற்பகலை நடுவரிசை மாணவியருக்கென ஒதுக்க வேண்டும். நம் பள்ளியில் படித்து இப்போது கல்லூரியிலும், பாலிடெக்னிக்கிலும், தொழிற்சாலையிலும் இருக்கும் அக்காக்கள் வந்து தங்கள் அனுபவத்தைச் சொல்லட்டும். ஒவ்வொருத்தியும் கையில் ஒரு நோட்டோடு உட்காரட்டும். சகோதரியிடம் இதைச் சொன்னபோது, "எழுதிக் கொடு, பார்க்கலாம்" என்றார்கள். அதனால்தான் எழுதினேன். முதலில் வந்து பேசுவதற்கு என் அக்கா இப்போதே சம்மதம் சொல்லிவிட்டாள்.